படத்தில் விழுந்த திருநீறு

1

கல்லூரியில் ஒரு எழுத்து வேலை தந்தார்கள். நான் விட்ட ஒரு பிழையைப் பற்றி ஆயிரம் சொல்லில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தேன், இனி என்ன செய்வேன் என்று மூன்று பெட்டிகள் போட்ட படிவம். மகள் அபி பிழை திருத்தித் தர, போன ஞாயிற்றுக்கிழமை அனுப்பிவிட்டேன். ஆனால் அந்த மூன்று பெட்டிக்குள் கோயிலும் கொள்ளவில்லை, குரோய்டனும் கொள்ளவில்லை. மிஞ்சிப் போனதை ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். நான் ஓ.எல். சோதனை வரைதான் படித்தவள். அதுவும் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து மூன்று பள்ளிக்கூடத்தில். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் லண்டனில் பிளேஸ்டோவில் இருக்கிறோம். பன்னிரண்டு வருடம் ஒரு ஆஸ்பத்திரியில் தரை துடைத்தேன். பிறகு பெண்களுக்கு மார்பு எக்ஸ்ரே எடுக்கிற பகுதியில் ஆட்களைக் கூப்பிட்டு உள்ளே விடுகிற வேலை கிடைத்தது. மமோகிராம் என்று சொல்வார்கள். மார்பை இரண்டு தட்டுக்கு நடுவில் அமர்த்திப் படம் எடுத்து, புற்றுநோய் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்ப்பது. ஆண்கள் இந்த வேலையைச் செய்ய முடியாது. தமிழ் பேசுகிற பெண்கள் வரும்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவார்கள். இப்படியே இருக்கும்போது, அங்கே மூத்த டெக்னீஷியனாக இருக்கும் கிளாரிஸ் ஒருநாள், "நீ ஏன் இதைப் படிக்கக் கூடாது?" என்று கேட்டார். பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

அப்படித்தான் நாற்பத்தெட்டு வயதில் புத்தகப் பை தூக்கினேன். கிழமையில் ஒரு நாள் கல்லூரி, நாலு நாள் வேலையோடு பயிற்சி. வகுப்பில் மற்றவர்கள் எல்லோரும் என் மகளின் வயது. முதல் நாள் என்னை ஆசிரியை என்று நினைத்து ஒரு பிள்ளை எழுந்து கதிரை தந்தாள். கோயிலில் கேள்விப்பட்டவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி.

"எக்ஸ்ரேயோ? உந்த வயசிலை உமக்கேன் உது? கதிர் அடிச்சு வருத்தம் வராதே?"

"வந்தா இலவசமாப் படம் எடுப்பினம்" என்று நானும் சொல்லிவைப்பேன்.

2

விடிய எழும்பிக் குளித்து, சாமிப்படத்துக்கு விளக்கு வைத்து, திருநீறு பூசாமல் நான் வாசல்படி தாண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே ஒன்றும் இருக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் கையில் பூசுவதை விட்டுவிட்டேன். காப்பையும் கழற்றி வைத்துவிட்டேன். நெற்றியில் மட்டும் மெல்லிசாக ஒரு கீற்று. கிளாரிஸ் அதைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. அவரும் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர்.

எங்களுடைய படம் எடுக்கிற இடம் சில மாதங்களில் ஒரு நீள வான் வண்டிதான். சூப்பர்மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். மரக்கறி வாங்க வந்தவர்கள் பையோடு ஏறி இறங்குவார்கள். அங்கேதான் பூமணி அக்கா வந்தார். பெயரை மாற்றியிருக்கிறேன். இதை எழுத அவருடைய சம்மதம் இருக்கிறது.

அறுபது வயதிருக்கும். சுவிஸில் இருந்து இங்கே வந்தவர். கணவர் இறந்த பிறகு தங்கையோடு இருக்கலாம் என்று வந்தார். அந்தத் தங்கையும் போன வருடம் இதே மார்புப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்துவிட்டார். இதையெல்லாம் உடுப்பு மாற்றுகிற திரைக்குள் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார்.

படம் எடுக்க முதல் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. வாசனைத் தெளிப்பு, பவுடர், கிரீம் ஏதும் பூசியிருக்கிறீர்களா என்று தமிழில் கேட்டேன்.

"ஒண்டுமில்லைப் பிள்ளை. குளிச்சு முழுகி வந்தனான்."

தாளில் 'இல்லை' என்று குறித்தேன். அவர் திரையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, உம்மட்டைத் திருநீறு இருக்கே? உம்மடை நெத்தியைப் பார்த்தனான், அதுதான் கேக்கிறன்."

கோயிலில் ஐயர் கடதாசியில் மடித்துத் தந்த சரை என் சட்டைப் பையிலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒருவர் பயந்துபோய்த் திருநீறு கேட்டால் இல்லை என்று சொல்ல எனக்குத் தெரியாது. அக்கா நெற்றியில் பூசினார். மிச்சத்தை இடது மார்பில் தடவினார். தங்கைக்கு அந்தப் பக்கத்தில்தான் வந்ததாம்.

"ஒண்டும் வராதக்கா. முருகன் இருக்கிறார்" என்றேன்.

கிளாரிஸ் பக்கத்தில் நின்று பார்க்க, நான்தான் படம் எடுத்தேன். அதுவரை நான் எடுத்ததில் அதுதான் திறமான படம். கிளாரிஸ் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். இடது பக்கத்தில் கொஞ்சம் நின்று, "பவுடர் கேட்டாயா?" என்றார்.

"கேட்டேன். இல்லை என்றார்."

பொய் சொல்லவில்லை. சத்தியமாக எனக்குப் பொய் என்று தோன்றவே இல்லை. பவுடர் கடையில் விற்கிறது. திருநீறு திருநீறு. இரண்டையும் ஒன்றாக வைத்து நினைக்கிற தலை எனக்கு இல்லை. கிளாரிஸ் தாளைப் பார்த்தார், தலையை ஆட்டினார், படம் டாக்டர்களுக்குப் போய்விட்டது.

3

பத்து நாள் கழித்து வகுப்பில், படத்தில் தவறாக விழுகிற அடையாளங்களைப் பற்றிப் பாடம். ஆசிரியர் ஒரு மார்பின் படத்தைப் போட்டார். உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். "இது புற்றுநோயின் ஆரம்பமா?" என்று கேட்டார். பாதிப் பேர் ஆம் என்று கையைத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.

"இல்லை. கமக்கட்டில் பூசிய வாசனைத் தெளிப்பு" என்றார். அதில் உலோகத்தூள் இருக்கிறதாம். நோயின் தொடக்கத்தில் மார்புக்குள் படிகிற சுண்ணாம்புப் புள்ளியும் அதே போலத்தான் தெரியுமாம். வேறுபாடு தெரியாமல் எத்தனையோ பெண்களைத் திரும்பக் கூப்பிட்டு அலைக்கழித்திருக்கிறோம் என்றார்.

வகுப்பில் வாய் திறக்காதவள் நான். அன்றைக்குக் கையைத் தூக்கினேன்.

"சேர், சாம்பல்?"

"சிகரெட் சாம்பலா?"

"இல்லை சேர். கோயில் சாம்பல். சாணத்தை எரித்து எடுப்பது. உடம்பில் பூசுவோம்."

அவர் கேலி செய்யவில்லை. கொஞ்சம் யோசித்தார். "சாம்பலில் சுண்ணாம்புச் சத்து இருக்கும். தடிப்பாகப் பூசினால் தெரியலாம். நல்ல கேள்வி" என்று வெள்ளைப் பலகையில் அதையும் எழுதிப் போட்டார். மற்றப் பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். பக்கத்தில் இருந்தவள் திரும்பி என்னை மெச்சிச் சிரித்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

4

அன்று பின்னேரம் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து வீட்டில் சொன்னேன். இவர், அபியின் அப்பா, பஸ் ஓட்டிவிட்டு வந்து கால் நீட்டியிருந்தார். முழுவதையும் கேட்டார். பிறகு கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"இஞ்சை பாரும். உம்மை ஆரும் கேட்டவையோ?"

"இல்லை."

"பிறகேன் நீராப் போய்ச் சொல்லுறீர்? அந்த மனிசியைத் திருப்பிக் கூப்பிடுவினம். திருப்பிப் படம் எடுப்பினம். அண்டைக்குத் திருநீறு இராது. ஒண்டுமில்லை எண்டு விடுவினம். கதை முடிஞ்சுது. நீர் சொன்னா உம்மடை படிப்பு முடிஞ்சுது."

இவர் சொன்னதில் பிழை பிடிக்க எனக்கு ஏலவில்லை. நோயாளிக்குச் சமயப் பொருள் கொடுத்தது ஒரு குற்றம். கொடுத்ததைத் தாளில் எழுதாதது இரண்டாவது. பயிற்சியில் இருப்பவளை வீட்டுக்கு அனுப்ப அது போதும்.

இவரை நீங்கள் கெட்டவராக நினைக்கக் கூடாது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நாங்கள் குரோய்டனில் அகதி விண்ணப்பம் பார்க்கிற அந்தப் பெரிய கட்டடத்தில் எத்தனை நாள் காத்திருந்திருப்போம்! குளிரில் வரிசை, உள்ளே போனால் நம்பர், நம்பர் வந்தால் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகம். முன்னால் போய் வந்தவர்கள் எங்களுக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்லித் தந்தார்கள்: கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. நீங்களாக ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லாதேங்கோ. படிவத்தின் கடைசியில், வேறு ஏதும் சொல்ல விரும்புகிறீர்களா என்று இருக்கும். நாங்கள் எப்போதும் 'இல்லை' என்றே எழுதினோம். சொல்ல விரும்பியது எவ்வளவோ இருந்தது. எழுதவில்லை. அப்படி வாயைக் கட்டித்தான் விசா எடுத்தோம், வீடு எடுத்தோம், பிள்ளையைப் படிப்பித்தோம். அந்தப் பழக்கம் தோலோடு ஒட்டிப்போய்விட்டது.

அபி அடுப்படி வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். இரண்டாம் வருடம் யூனிவர்சிற்றி. கோயிலுக்கு வா என்றால் அசைன்மென்ட் என்பாள். திருநீற்றை நீட்டினால், "அம்மா, மேக்கப் போட்டிட்டன்" என்று தலையைப் பின்னுக்கு இழுப்பாள். இவளுக்குப் பக்தியே வரவில்லையே என்று நான் முருகனிடம் அழாத நாள் இல்லை.

"அம்மா, அந்த ஆன்ட்டி இப்ப வீட்டிலை என்ன நினைச்சுக்கொண்டு இருப்பா?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"அவவின்ரை சிஸ்டர் அதிலைதானே செத்தவ? லெட்டர் வந்தா அவ என்னண்டு நித்திரை கொள்ளுவா? நீங்கள் சொல்லத்தான் வேணும். யூ ஹாவ் டு டெல் தெம்."

"நீ பேசாமல் போய்ப் படி" என்றார் இவர். "குரோய்டனிலை வரிசையிலை நிண்டவனுக்குத்தான் தெரியும்."

"இது குரோய்டன் இல்லை அப்பா. அங்கை அவங்கள் உங்களை நம்பேல்லை. இஞ்சை அம்மாவை நம்பித்தானே விட்டிருக்கினம்."

இவர் எழுந்து போய்க் கையைக் கழுவினார். வெகு நேரம் கழுவினார்.

5

அடுத்த நாள் காலை வானில் முதல் ஆள் வர முன்னம் கிளாரிஸிடம் சொன்னேன். ஆங்கிலத்தில் வசனம் வசனமாக பஸ்ஸில் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். ஆள் முன்னால் நின்றவுடன் எல்லாம் மறந்துவிட்டது. சட்டைப் பையில் இருந்து இன்னொரு சரையை எடுத்து மேசையில் வைத்து, "இதை நான் அவருக்குக் கொடுத்தேன். மார்பில் பூசினார். நான் எழுதவில்லை" என்றேன்.

கிளாரிஸ் சரையைப் பிரித்தார். ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். கணினியில் அந்தப் படத்தை எடுத்துப் போட்டார். இப்போது எனக்கும் தெரிந்தது. இடது பக்கத்தில், அக்காவின் விரல் போன வழியே வெள்ளைத் தூள்.

"திரும்ப வரச் சொல்லிக் கடிதம் முந்தநாள் போய்விட்டது" என்றார்.

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சம்பவப் படிவம் ஒன்றை எடுத்துத் தந்து, "எல்லாவற்றையும் எழுது. உன்னைக் காப்பாற்றுகிற மாதிரி எழுதாதே" என்றார். அது திட்டைவிடச் சுட்டது.

விசாரணை முடியும் வரை நோயாளிகளைத் தொடக் கூடாது என்று எனக்குச் சொன்னார்கள். படத்தை வைத்து மட்டும் இது சாம்பல் என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார், திரும்ப எடுத்தே ஆக வேண்டும் என்றும் சொன்னார்கள். விஷயத்தை முன்னரே சொல்லிவிடலாம் என்று பூமணி அக்காவுக்குப் போன் அடித்தார்கள். தெரியாத நம்பர் என்று அக்கா எடுக்கவில்லை. எங்களில் யார்தான் எடுக்கிறோம்? ஆங்கிலத்தில் செய்தி விட்டார்கள். அதை அவர் கேட்டாலும் விளங்கியிராது. அவருடைய விலாசம் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் நான் போகக் கூடாது. திரும்பப் படம் எடுக்க அக்கா வருகிற நாள் வரை, எட்டு நாளும் நான் அலுவலக அறையில் கடித உறைகளை அடுக்கினேன். ஒவ்வொரு உறையிலும் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது.

கிளாரிஸ்தான் மேலிடத்தில் கேட்டு அனுமதி வாங்கினார். "அவரிடம் நீயே சொல்ல வேண்டும். நான் பக்கத்தில் இருப்பேன்" என்றார்.

6

அன்று ஆஸ்பத்திரியில் சின்ன அறை ஒன்றில் பூமணி அக்கா இருந்தார். தனியாகத்தான் வந்திருந்தார். எட்டு நாளில் ஆள் பாதியாகிப் போயிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

"வந்திட்டீரே பிள்ளை. தெரிஞ்ச முகம் ஒண்டு இருந்தாப் போதும் எண்டு கும்பிட்டுக்கொண்டு வந்தனான்."

குற்றவாளி நான் என்பதால் மொழிபெயர்ப்பு நான் செய்ய முடியாது. மேசையில் போனை வைத்திருந்தார்கள். அதற்குள்ளே ஒரு இந்தியத் தமிழ்ப் பெண், "வணக்கம்மா, நான் பேசுறது கேக்குதா?" என்றார்.

"ஆர் உது?" என்று அக்கா போனைப் பார்த்துப் பயந்தார்.

கிளாரிஸ் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"அக்கா, அண்டைக்கு நான் தந்த திருநீறு படத்திலை விழுந்திட்டுது. அதைத்தான் வருத்தமாயிருக்குமோ எண்டு பார்க்கக் கூப்பிட்டிருக்கினம். நான் தந்திருக்கக் கூடாது. தந்ததை எழுதவும் இல்லை. பிழை என்ரைதான்."

போனுக்குள் இருந்த பெண் நான் சொன்னதை ஆங்கிலத்தில் கிளாரிஸுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா பிறகு மெல்ல பிளவுஸின் மேல் ஊசியைக் கழற்றினார்.

உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. இடது பக்கம், வலது பக்கம், கழுத்து வரைக்கும். தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசியிருந்தார். காலையில் கோயிலுக்குப் போய்விட்டு நேரே வந்திருக்கிறார்.

நான் கிளாரிஸைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அன்றைக்குத் திருநீறு இராது, கதை முடிந்தது என்று எங்கள் வீட்டில் நினைத்தோமே. என்னைப் போல ஒரு மனிசி பயந்தால் என்ன செய்வாள் என்று எனக்கல்லவா முதலில் தெரிந்திருக்க வேண்டும்! நான் வாயைக் கட்டியிருந்தால் இரண்டாவது படத்திலும் புள்ளி விழுந்திருக்கும். அதற்குப் பிறகு ஊசியால் சதை எடுத்துப் பார்ப்பார்கள்.

"அக்கா, இதைத் துடைக்க வேணும்."

"துடைக்கிறதோ?" அக்கா இரண்டு கையாலும் மார்பை மூடினார். "என்ன கதை கதைக்கிறீர்? எட்டு நாளா உதைத்தானே பிடிச்சுக்கொண்டு இருக்கிறன்."

"அவங்க மெதுவா துடைச்சுப்பாங்கம்மா" என்றது போன்.

"நீ சும்மா இரு பிள்ளை" என்று அக்கா போனைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார். "தந்தது நீர். நீரே துடையும். வேறை ஆரும் தொடக் கூடாது."

நோயாளியைத் தொட எனக்கு அனுமதி இல்லை. கிளாரிஸ் போன் வழியாக எல்லாவற்றையும் கேட்டார். ஈரத் துணிப் பெட்டியை என் பக்கம் தள்ளி வைத்தார்.

திருநீறு சிந்தினாலே தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறவள் நான். அதைத் துடைத்து எடுக்க வேண்டி வரும் என்று கனவிலும் நினைத்ததில்லை. வாய்க்குள் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே துடைத்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நாலு துணி முடிந்தது.

படத்தைக் கிளாரிஸ் எடுத்தார். டாக்டர் பார்த்தார். மார்பு சுத்தம். ஒரு புள்ளியும் இல்லை. அதை அந்த இந்தியப் பெண்தான் தமிழில் சொன்னார்.

அக்கா அழவில்லை. கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகப் பூட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் போய்ச் சேர்ந்தா உடுத்திவிடச் சொல்லிக் கூறைச்சேலையை எடுத்து வைச்சிட்டன், தெரியுமே?"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

"மன்னிக்கிறது கிடக்கட்டும்." கைப்பைக்குள் இருந்து போனை எடுத்தார். "சூரிச்சிலை என்ரை மகள் இருக்கிறாள். சிந்து. வேலை, பிள்ளையள் எண்டு ஓடித்திரியிறவள். எட்டு நாளா அவளோடை கதைக்கேல்லை. கதைச்சா அழுதுபோடுவன் எண்டு பயம். அவள் எடுத்தாலும் நான் எடுக்கேல்லை. இப்ப நீர் எடுத்துச் சொல்லும்."

"நானோ?"

"பிழை விட்டது நீர்தானே."

கிளாரிஸுக்கு நான் விளங்கப்படுத்தினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தார்.

மணி ஒருதரம் அடிக்க முன்னமே எடுத்துவிட்டாள். "அம்மா? அம்மா, ஏன் போன் எடுக்கேல்லை?" ஜெர்மன்காரர் தமிழ் கதைப்பது போல ஒரு தமிழ்.

"பிள்ளை, நான் ஆஸ்பத்திரியிலை இருந்து கதைக்கிறன். பயப்பிடாதேங்கோ. உங்கடை அம்மாவுக்கு ஒண்டுமில்லை."

"ஆஸ்பத்திரியோ? அம்மாக்கு என்ன? என்ன நடந்தது?"

அவளுக்கு ஒன்றுமே தெரியாது. கடிதம் தெரியாது, படம் தெரியாது, எட்டு நாள் தெரியாது. நான் முதலில் இருந்து தொடங்க வேண்டியிருந்தது. அவளுக்கு விளங்குகிற சின்னச் சின்னச் சொற்களாகப் பார்த்து, சூப்பர்மார்க்கெட்டில் நின்ற வானில் இருந்து சொல்லிக்கொண்டு வந்தேன். "அப்ப நான் உங்கடை அம்மாவுக்குத் திருநீறு குடுத்திட்டன்" என்று சொன்ன இடத்தில், அக்கா கையை நீட்டி என் முழங்கையைப் பிடித்தார்.

"அப்பிடிச் சொல்லாதையும். நான்தான் கேட்டு வாங்கினனான் எண்டு சொல்லும்."